ஐஸுக்கும் ரியூபுக்கும் நடுவே ஒரு மட்டை

2008ஆம் ஆண்டு. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கும் மகரகமவிலிருந்து வரும் 138 பஸ்ஸில் மடியில் ஒரு ரெஜிபோம் பெட்டியோடு இருந்தேன். பெட்டிக்குள் ஆறு ரியூப் இரத்தம். எல்லாம் நாட்பட்ட மைலொயிட் லூக்கீமியாக்காரருடையது. சீஎம்எல் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் இரத்தப் புற்றுநோய். கிருலப்பனைக்குக் கிட்ட எல்லாரையும் இறக்கினார்கள். போர் நடந்த அந்த நாட்களில் கொழும்பில் இருந்தவர்களுக்குச் சோதனைச் சாவடியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கையில் டேப் சுற்றி ஒட்டிய பெட்டி.

"மொனவத மே?" என்ன இதெல்லாம் என்று சாவடியில் நின்றவர் கேட்டார்.

"லே," என்றேன். "பிலிக்கா லெடுன்கே லே."

இரத்தம், அதுவும் புற்றுநோயாளர் இரத்தம். டேப்பைக் கிழித்து மூடியைத் தூக்கியவர் அப்படியே இரண்டடி பின்னால் போனார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருப்பார் போல. பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் ஆஸ்பத்திரிக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, என்னைப் போகச் சொன்னபோது பெட்டி இருபது நிமிடத்துக்கு மேல் வெயிலில் திறந்து கிடந்தது.

அந்தப் பயத்தில் அடுத்த கிழமை ஒரு முட்டாள் வேலை பார்த்தேன். உறைபெட்டியில் இரவு முழுக்கக் கிடந்த ஜெல் ஐஸ் பைகளை ரியூபைச் சுற்றி நெருக்கி அடுக்கிக் கொண்டுவந்தேன். அன்றைக்குச் சாவடியில் யாரும் மறிக்கவில்லை. லாப்புக்கு வந்து மையநீக்கியில் சுற்றி எடுத்தால், மேலே வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய திரவவிழையம் நன்னாரி சர்பத் மாதிரிச் சிவந்திருந்தது. ஐஸ் பை தொட்ட பக்கம் இரத்தம் உறைநிலைக்குப் போய், செங்குழியங்கள் வெடித்து, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் எல்லாம் வெளியே வந்துவிட்டது. பரம்பரையலகின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கி அளக்கும் பரிசோதனைதான் பிசிஆர். ஹீமோகுளோபின் அந்தப் பரிசோதனையின் நொதியத்தை வேலை செய்ய விடாது. ஆறில் நான்கு சாம்பிள் போனது. அதில் ஒன்றைத் தந்தவர் ஹட்டன் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்.

எங்கள் லாப்பில் ஓய்வுக்குக் கிட்டடியில் இருந்த ஒரு சிங்கள ஐயா இருந்தார். ஒன்றும் ஏசவில்லை. கையுறை வந்த பெட்டியைக் கத்திரிக்கோலால் வெட்டி, அந்த மட்டையை ஐஸ் பைக்கும் ரியூப் தட்டுக்கும் நடுவே செருகிக் காட்டினார். "மேக்கட்ட ஐஸ் எபா, சீத்தல விதரய் ஓனே." இதுக்கு ஐஸ் வேண்டாம், குளிர் மட்டும் போதும். பிறகு கலாநிதிப் பட்டம் எடுத்தேன், கருத்தரங்குகளுக்குப் போனேன், கட்டுரைகள் போட்டேன். ஆனால் இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பாடம் அந்த மட்டைதான். இயந்திரத்துக்குள் போன பிறகு நடப்பதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் பதினேழு வருடத்தில் முக்கால்வாசிச் சிக்கல் இயந்திரத்துக்குள் போக முன்பே நடந்தது. ஆகையால் அதைப் பற்றித்தான் கூட எழுதப் போகிறேன்.

எப்படி இதற்குள் வந்தேன் என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2002இல் உயர்தரம், தமிழ் மொழிமூலம், உயிரியல் பிரிவு. மருத்துவ பீடத்துக்கு இஸட் புள்ளி கொஞ்சம் போதவில்லை. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அப்பா இன்றைக்கும் தசமதானத்தோடு சொல்லுவார். விஞ்ஞான பீடத்துக்குப் போனேன், மூலக்கூற்று உயிரியல் பிடித்தது, ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு ஒரு விளம்பரம் வந்தது, போட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் இருந்த மாமி "பிள்ளைக்கு லாப்பிலயாம் வேலை" என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மாதம் ஒருக்காக் காலையில் சாப்பிடாமல் வந்து கதவைத் தட்டுவா, சீனி பார்க்கச் சொல்லி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் மாணவர்கள் கூடக் கேட்கிறார்கள். இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எம்பிபிஎஸ் கட்டாயமா? இல்லை. நோயாளியைப் பார்த்துச் சிகிச்சை தீர்மானிக்கும் ஹீமற்றோலொஜிஸ்ட் ஆக வேண்டுமென்றால் மருத்துவம் முடித்துப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் வழியாகப் போக வேண்டும். கலத்தையும் பரம்பரையலகையும் பார்க்கிற வேலைக்கு விஞ்ஞானப் பட்டதாரியும் வரலாம், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தவரும் வரலாம். நான் கண்ட திறமான கைகளில் பாதி அந்தத் தொழில்நுட்பவியலாளர்களுடையது. மருத்துவ பீடம் கிடைக்காததால் இங்கே வந்தேன் என்ற மனக்குறையோடு மட்டும் வரவேண்டாம். வார்ட்டில் டொக்டர்மாருக்கு முன்னால் அது உங்களை வாய் திறக்க விடாது. எனக்கு நான்கு வருடம் விடவில்லை.

முதல் வருடம் எனக்குத் தந்தது நிறமூர்த்தம், அதாவது கலத்துக்குள் பரம்பரையலகுகளைச் சுமக்கும் குரோமோசோம், பார்க்கிற வேலை. கலங்களைப் பிரியும் கட்டத்தில் நிறுத்தி, நீர்த்த உப்புக்கரைசலில் ஊத வைத்து, மெதனோலும் அசற்றிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்து பதப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு விழுந்து உலரும் வேகத்தில்தான் நிறமூர்த்தங்கள் விரியும். காற்றில் ஈரம் கூடினால் ஒரு மாதிரி, குறைந்தால் வேறு மாதிரி. கொழும்பு மழைக்காலத்தில் ஒரு மாதிரி வரும் தகடு, ஏசியைக் கூட்டி வைத்த நாளில் வேறு மாதிரி வரும். வெளிநாட்டுக் கைநூலில் எழுதியிருக்கும் உயரமும் நேரமும் இங்கே அப்படியே சரிவராது. நாங்கள் யன்னலைத் திறந்து மூடி, தகட்டில் மூச்சு ஊதி, எங்களுக்கென்று ஒரு முறையைப் பிடித்தோம். அதைக் கொப்பியில் எழுதி வைத்தோம். எழுதி வைத்ததுதான் முக்கியம்.

அந்தத் தகட்டில் நான் தேடியது ஒரு குட்டை நிறமூர்த்தம். 1960இல் பீற்றர் நௌவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் பிலடெல்பியாவில் சீஎம்எல் நோயாளரிடம் கண்டது. அதனால் பிலடெல்பியா நிறமூர்த்தம் என்றே பெயர். துண்டு எங்கே போனது என்று 13 வருடம் யாருக்கும் தெரியாது. 1973இல் சிக்காகோவில் ஜேனட் ரௌலி, நிறமூர்த்தப் படங்களை வெட்டிச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்து, 22ஆம் நிறமூர்த்தத்தின் துண்டு 9ஆவதில் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறா என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்களாம். அந்த இடமாற்றத்தில் உருவாகும் பிழையான புரதத்தை அடக்குகிற மாத்திரைதான் இமாட்டினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. நான் முதன்முதல் அந்தக் குட்டையனை நுணுக்குக்காட்டியில் பார்த்த அன்று, ஐயா என் கதிரையில் இருந்து தானும் ஒருக்காப் பார்த்துவிட்டு, "இன்னும் 19 கலம் பார்" என்று எழும்பிப் போனார். 20 கலம் பார்க்காமல் றிப்போட் எழுதக் கூடாது.

பச்சை மூடிக் கதையையும் சொல்ல வேண்டும். நிறமூர்த்தம் பார்க்கக் கலம் உயிரோடு வளர வேண்டும். அதற்கு, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடி ரியூப். பிசிஆருக்கு, அதே வேலையைச் செய்யும் ஈடிடிஏ போட்ட, நாவல்பழ நிற மூடி ரியூப். ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும். இதை நான் அறிந்திருந்தேன். இரத்தம் எடுத்தவர் அறிந்திருக்கவில்லை, நான் சொல்லியும் இருக்கவில்லை. ஒரு மாதம் வந்த சாம்பிளெல்லாம் பச்சை மூடி. முடிவெல்லாம் "இல்லை, இல்லை" என்று வந்தது. நோய் மறைந்த மாதிரி! யாருடைய இரத்தத்திலும் தெரிய வேண்டிய கட்டுப்பாட்டுப் பரம்பரையலகும் தெரியாமல் போனபோதுதான் விழித்தேன். அன்றிலிருந்து எந்த வார்ட்டுக்குப் போனாலும் முதல் நாள் ஒரு வெறும் ரியூபைக் கையில் கொண்டுபோய்த் தாதி மிஸ்மாரிடம் காட்டுவேன். சுற்றறிக்கை அனுப்புவதில்லை. அதை வாசிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது.

2011இல் பிரித்தானியாவில் கலாநிதிப் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. தலைப்பு குருத்தணு.

அது என்ன என்று சொல்லாமல் மேலே போக முடியாது. உங்கள் உடம்பில் ஒவ்வொரு வினாடியும் இலட்சக்கணக்கில் செங்குழியம் பிறக்கிறது. அவற்றையெல்லாம் பெறுகிற தாய்க்கலங்கள் எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையில் மிகக் கொஞ்சம்தான் உண்டு. அவைதான் இரத்தக் குருத்தணுக்கள். ரொறொன்ரோவில் 1961இல் ஜேம்ஸ் ரில்லும் ஏர்னெஸ்ட் மக்கலக்கும் கதிர்வீச்சுப் பட்ட எலிக்கு மச்சையைச் செலுத்தினார்கள். பத்து நாளளவில் அதன் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். முடிச்சின் எண்ணிக்கை செலுத்திய கலத்தின் அளவோடு ஏறி இறங்கியது. ஒவ்வொரு முடிச்சும் ஒரேயொரு கலத்திலிருந்து வருகிறது என்று பிறகு உறுதியானது. குருத்தணு என்ற ஒன்றை எண்ணிப் பார்க்கலாம் என்று வந்தது அங்கேதான்.

நாங்கள் எலியை விட்டுத் தட்டில் எண்ணினோம். பிரசவத்துக்குப் பிறகு கொப்பூழ்க்கொடியில் மிஞ்சும் இரத்தம் வரும். அதை ஃபைக்கோல் என்ற கனமான திரவத்தின் மேல் ஊற்ற வேண்டும், இரண்டும் கலக்காமல். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மாதக் கணக்கில் பழகுவார்கள். எனக்கு இரண்டாம் நாளே வந்தது. கித்துள் பாணிக்கு மேல் தேங்காய்ப்பாலைக் கரண்டியின் பின்பக்கத்தால் வழிய விட்டவளுக்கு இதில் என்ன கஷ்டம்? சுற்றி எடுத்தால் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளை வளையம் நிற்கும். அதில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் சீடி34 என்ற அடையாளம் தாங்கிய கலம். அந்த ஒன்றைப் பிரித்து, மெதைல்செலுலோஸ் என்ற கூழில் கலந்து தட்டில் ஊற்ற வேண்டும். பிப்பெற்றில் ஏறாது, சளி மாதிரி இழுபடும். மொட்டை ஊசி போட்ட சிரிஞ்சால்தான் விட வேண்டும். 37 பாகையில் 14 நாள். தட்டை அசைக்கக் கூடாது. பதினான்காம் நாள் நுணுக்குக்காட்டியின் கீழே வெறும் கண்ணாடியில் அங்கங்கே மாதுளை முத்தை நசுக்கி வைத்த மாதிரிச் சிவப்புக் கொத்துகள். ஒவ்வொன்றும் ஒரு கலத்தின் குடும்பம். அந்தக் காட்சி எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

ஆனால் இரண்டாம் வருடம் ஆறு மாத உழைப்பைக் குப்பையில் போட்டேன். கே562 என்று ஒரு கலவழி, அதாவது லாப்பில் தொடர்ந்து வளர்த்துவரும் கலக் கூட்டம், உண்டு. 1970களில் சீஎம்எல் முற்றிய ஒரு 53 வயதுப் பெண்ணின் கலங்களிலிருந்து வந்தது, உலகம் முழுக்க வளர்க்கிறார்கள். எனக்கு அது பக்கத்து அறையிலிருந்து வந்தது. வளர்ந்தது, மருந்துக்கு விதம் விதமாகப் பதில் சொன்னது, வரைபுகள் அழகாக வந்தன. மைக்கோபிளாஸ்மா இருந்தது. அந்தப் பற்றீரியாவுக்குக் கலச்சுவர் இல்லை, பெனிசிலின் பிடிக்காது. நாங்கள் வழக்கமாக வடிக்கும் வடிதாளையும் தாண்டும். சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாது. கலத்தின் சாப்பாட்டைத் தானும் சாப்பிட்டுக்கொண்டு நம் முடிவுகளையெல்லாம் மெல்லத் திருப்பிவிடும். யாரும் பரிசோதிக்கவில்லை, எல்லாரும் மற்றவர் பரிசோதித்திருப்பார் என்று நினைத்தோம். வந்த கலத்தைத் தனி அறையில் வைத்து, மைக்கோபிளாஸ்மா பார்த்து, அது சொல்லப்படும் கலம்தானா என்று மரபணுக் கைரேகையும் பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்கிறேன். சொன்னாலும் கேட்கமாட்டார்கள். ஒருக்காப் பட்டால் கேட்பார்கள்.

மேற்பார்வையாளரைத் தெரிவு செய்வது பற்றி ஒரு வரி. கட்டுரைப் பட்டியலைப் பார்க்காதீர்கள். அவரிடம் படித்து முடித்தவர்கள் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று தேடி, அவர்களில் இரண்டு பேரோடு போனில் கதையுங்கள். கெட்ட முடிவைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று கேளுங்கள். என் ஆறு மாதம் போன கதையைச் சொன்ன அன்று என் மேற்பார்வையாளர் தேநீர் போட்டுத் தந்தார். பக்கத்து அறைப் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. அவன் பிழையான வரைபோடேயே போய்க்கொண்டிருந்தான்.

ஏன் திரும்பி வந்தாய் என்று லண்டன் சித்தப்பா இன்னும் கேட்கிறார். அப்பாவுக்கு ஏலாமல் போனது ஒரு காரணம். விசா முடிந்தது இன்னொன்று. நாட்டுப்பற்று என்று மேடையில் சொல்லலாம்.

வந்த பிறகு கற்றது வேறு விஞ்ஞானம். அங்கே திங்கட்கிழமை ஓடர் பண்ணினால் புதன்கிழமை பெஞ்சில் இருக்கும் ஒரு பிறபொருளெதிரி, இங்கே முகவர், விலைமனு, கொள்வனவுக் குழு, சுங்கம் எல்லாம் தாண்டி மூன்று மாதத்தில் வரும். வரும்போது காலாவதிக்கு ஐந்து கிழமை இருக்கும். ஆகவே பரிசோதனையைத் திட்டமிடும்போதே எந்தப் பொருள் வராமல் போனாலும் வேலை நிற்காதபடி இரண்டு பாதை போட்டு வைப்பேன். ஒன்றில் குளிரூட்டிய பொருள் வேண்டும், மற்றதில் அறை வெப்பத்தில் வருகிறது போதும். மானிய விண்ணப்பத்தில் பாதீடு போடும்போது டொலர் ஏறினால் எதை விடுவேன் என்பதையும் எழுதிவிடுவேன். மதிப்பீட்டாளர்கள் அதைக் குறையாக எடுத்ததில்லை.

2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டும், டீசலுக்கு வரிசை. -80 பாகை உறைபெட்டி மூடியே கிடந்தால் சில மணித்தியாலம் தாங்கும். பிறகு மெல்ல ஏறும். நான் கதவில் ஒரு கடதாசி ஒட்டினேன், "திறந்தால் கையை முறிப்பேன்" என்று மூன்று மொழியிலும். திரவ நைதரசன் தாங்கிக்கு மட்டும் கரண்ட் தேவையில்லை. -196 பாகை, மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். எதைத் தாங்கிக்குள் மாற்றுவது, எதைக் கைவிடுவது என்று இரவோடிரவாக இரண்டு பேர் இருந்து பட்டியல் போட்டோம். திரும்ப எடுக்க முடியாதது முதல்: இறந்துபோனவர்களின் சாம்பிள்கள். என் கட்டுரைக்கு வேண்டியவை கடைசி. உறைபெட்டியில் விட்ட ஆர்என்ஏ கனக்கக் கெட்டது. அந்தக் கட்டுரை இன்னும் வரவில்லை. இப்போது எந்தப் பெட்டிக்குள் எது எந்தத் தட்டில் என்று ஒரு வரைபடம் சுவரில் தொங்குகிறது, அடித்த கடதாசியில். கரண்ட் இல்லாத நாள் கொம்பியூட்டரில் இருக்கும் பட்டியலால் என்ன பயன்?

தமிழ் எங்கே வந்தது என்றால், சம்மதப் படிவத்தில். இங்கே நெறிமுறைக் குழுவுக்கு மூன்று மொழியிலும் படிவம் கொடுக்க வேண்டும். தமிழ்ப் படிவம் என் தலையில். முதல் வரைவில் "பிசிஆர் மூலம் பிசிஆர்-ஏபிஎல் அளக்கப்படும்" என்று எழுதியிருந்தேன். முதலாவது ஆங்கில P, பரிசோதனை. இரண்டாவது ஆங்கில B, அந்த 9-22 இடமாற்றத்தில் உருவாகும் பிழையான பரம்பரையலகு. தமிழில் ஒரே ஒரு 'ப'தானே. பரிசோதனையும் பரம்பரையலகும் ஒன்றாகிவிட்டது. 2020க்குப் பிறகு அதை வாசித்தவர்கள் "இது கொரோனாவுக்கா மிஸ்?" என்று கேட்டார்கள். இதே கோளாறு எனக்கு வார்ட்டிலும் நடந்தது. திரும்பி வந்த புதிதில் சிஸ்டர் ஒருத்தர் "பிஎச்டி எங்கே?" என்றார். முடித்துவிட்டேன் என்றேன். அவர் கேட்டது நோயாளியின் பெட் ஹெட் டிக்கெட்டை, வார்ட்டில் நோயாளியின் விபரம் எழுதும் குறிப்பேட்டை.

அந்த டிக்கெட் இலக்கம் சின்ன விஷயமில்லை. மலையகத்திலிருந்து வருகிற லெட்சுமிகள் எத்தனை பேர்! ஒரு இடத்தில் லெட்சுமி, இன்னொரு இடத்தில் லட்சுமி, சிங்களத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் மூன்று மாதிரி. லெட்சுமியும் லெட்சுமணனுமாக, முன்னெழுத்தும் ஒன்றாக இருந்த இரண்டு பேரின் ரியூப் ஒருநாள் என் கையில் மாறியது. அன்றைக்கே பிடிபட்டது, ஏனென்றால் ஒருவர் ஆண் என்று நினைத்த இடத்தில் நிறமூர்த்தம் பெண் என்று சொன்னது. இருவரும் பெண்ணாக இருந்திருந்தால்? பெயரை நம்பக் கூடாது. டிக்கெட் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், இரண்டையும் நோயாளி இருக்கும்போதே ரியூபில் எழுத வேண்டும், மேசைக்கு வந்த பிறகு இல்லை.

படிவத்துக்குத் திரும்பி வருகிறேன். என்பு மச்சை எடுப்போம் என்று எழுதினால் எல்லாருக்கும் ஒரே பயம்: முள்ளந்தண்டில் ஊசி போட்டுத் தண்ணி எடுப்பார்கள், பிறகு நடக்க ஏலாது. மச்சை எடுப்பது இடுப்பெலும்பின் பின்பக்கத்தில். இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். நான் திரும்பி நின்று என் இடுப்பில் கையை வைத்துக் காட்டுவேன். படிவத்திலும் ஒரு படம் போட்டோம். அதற்குப் பிறகு கையெழுத்து வைக்க மறுத்தவர் குறைவு, கேள்வி கேட்டவர் கூட. அது நல்லது.

அடுத்த சொல், குருத்தணு. பாடப்புத்தகத்தில் எங்களுக்குக் கலம். தமிழ்நாட்டு எழுத்தில் உயிரணு, குருத்தணு. ஆங்கில ஸ்டெம் செல்லைத் தண்டுக் கலம் என்று நேரே போட்டால் கீரைத்தண்டு ஞாபகம் வரும். ஹட்டன் பக்கத்திலிருந்து வருகிற ஒரு அம்மாவுக்கு இதை விளக்க முயன்றுகொண்டிருந்தேன். சீஎம்எல், இமாட்டினிப் எடுக்கிறவ, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவ. நான் கலம், தாய்க்கலம், பிள்ளைக்கலம் என்று சுற்றிச் சுற்றிப் போக, அவ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னா:

"இப்ப நீங்க குடுக்குற மாத்திர கவ்வாத்து வெட்டுற மாதிரி. மேல எல்லாம் போயிரும். செடி சாகாதுல்ல மிஸ், திரும்பக் கொழுந்து வரும்."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியின் மேற்பகுதியை அரிந்து விடுவது. நான் அப்படியே நின்றேன். 1999இல் டெஸ்ஸா ஹோலியோக்கும் சக ஆய்வாளர்களும் சீஎம்எல் நோயாளரிடம் பிரியாமல் உறங்கிக் கிடக்கும் புற்றுநோய்க் குருத்தணுக்களைக் காட்டினார்கள். இமாட்டினிப் பெருகும் கலங்களை அடக்கும், உறங்குபவற்றை அவ்வளவாகத் தொடாது என்று பின்னால் தெரிந்தது. 2010இல் பிரான்சிலிருந்து ஒரு ஆய்வு: இரண்டு வருடத்துக்கு மேல் பரிசோதனையில் நோயின் சுவடே தெரியாதவர்களுக்கு மாத்திரையை வைத்தியர் கண்காணிப்பில் நிறுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய 10 பேரில் 4 பேருக்குத்தான் நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலாருக்கு ஆறு மாதத்துக்குள். நான் நான்கு வருடம் படித்ததை அவ ஒரு வார்த்தையில் வைத்துவிட்டா. படிவத்தில் அந்த உவமையைப் போட்டேன். மலையகத்தவர்களுக்கு உடனே பிடிபடும். வெள்ளவத்தைக்காரருக்குக் கவ்வாத்து என்றால் என்ன என்று விளக்க வேண்டி வந்தது.

அவவே ஒருமுறை மூன்று மாதம் மாத்திரையை விட்டிருக்கிறா. இரத்த எண்ணிக்கை சரி என்று சொன்னார்கள், உடம்பும் நல்லாயிருந்தது, கொழும்புக்கு வந்து போக ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும். வெண்குழியம் சரியாக வருவதும் நோய் அடங்குவதும் ஒன்றல்ல. பிசிஆர்-ஏபிஎல்லின் தொடக்க அளவை 100 என்று வைத்தால் அது 0.1க்கு, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். அதை பிசிஆர் மட்டும்தான் காட்டும். இதை நாங்கள்தான் அவவுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஆய்வுப் பாதீட்டில் நோயாளரின் பஸ் காசு முதல் வரியில் நிற்கிறது.

குடும்பக் கலியாணங்களில் என்னிடம் கேட்கும் கேள்வி இரண்டு. முதலாவது, பிறக்கப்போகும் பிள்ளையின் கொப்பூழ்க்கொடி இரத்தத்தைக் காசு கட்டிச் சேமிக்கவா? 1988இல் பாரிசில் எலியான் குளுக்மன் ஒரு சிறுவனுக்குத் தங்கையின் கொடி இரத்தத்தை ஏற்றியது முதல் இது உண்மையான சிகிச்சைதான். ஆனால் அது தங்கையுடையது. லூக்கீமியா வந்த பிள்ளைக்குத் தன்னுடைய கொடி இரத்தத்தையே திருப்பி ஏற்றுவது வழக்கமில்லை. சிறுவர் லூக்கீமியா பலவற்றில் முதல் பழுது பிறக்கும்போதே இரத்தத்தில் இருந்திருக்கிறது. பிறந்தவுடன் குதிக்கால் குத்தி எடுத்து வைத்த பழைய இரத்தப் பொட்டுகளில் 1990களில் அதைக் கண்டார்கள். வீட்டில் ஏற்கெனவே தலசீமியா போல ஒரு நோயுள்ள பிள்ளை இருந்தால் கதை வேறு, வைத்தியரோடு பேசுங்கள். மற்றப்படி அந்தக் காசை வங்கியில் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். விளம்பரம் கொடுப்பவர்களுக்கு என்னைப் பிடிக்காது.

இரண்டாவது, மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு என் மச்சை பொருந்துமா? ஒரு கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு பேர் இருந்தால் நூற்றுக்கு 44, மூன்று பேர் என்றால் 58. எங்கள் அம்மம்மாவோடு பிறந்தவர்கள் ஒன்பது பேர். நானும் தம்பியும்தான் எங்கள் வீட்டில்.

போன மாதம் அந்த ஹட்டன் அம்மா மூன்று மாதச் சாம்பிள் கொடுக்க வந்தா. வரிசையில் முன்னால் இருபது பேர். நான் அவவின் டிக்கெட் இலக்கத்தை ரியூபில் எழுதி, நாவல் நிற மூடி, இரத்தம் எடுத்து முடிந்ததும் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். போன தடவை முடிவு என் கொம்பியூட்டரில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவர் டொக்டர், நான் இல்லை.

"கொழுந்து வந்துருக்கா மிஸ்?"

"டொக்டர் சொல்லுவார் அம்மா. இந்தா, கூப்பிடப் போறார்."

அவ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. ஈடிடிஏ இரத்தத்தோடு சேர எட்டுப் பத்துத் தரம் ரியூபை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. நான் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.